மழைநாள் சில்லிக்கு ஸ்லோ குக்கர்: வாங்கலாமா, வாங்கினால் எப்படிச் சமைப்பது?

ஐப்பசி பிறந்து வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், கடலூரிலும் புதுச்சேரியிலும் இரண்டு மூன்று நாளைக்கு வீட்டோடு வீடாகக் கிடக்க வேண்டியதுதான். துணி காயாது, தரை சில்லிட்டுக் கிடக்கும், சூடாகவும் காரமாகவும் கெட்டியாகவும் ஏதாவது வேண்டும் என்று நாக்கு கேட்கும். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்துக்கென்று வைக்கிற 'சில்லி' நம் அடைமழைக்கு நன்றாகவே பொருந்துகிறது. சோயா சாஸ் ஊற்றிய சில்லி சிக்கனை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்துக் கறிக்குழம்பு. மிளகாய், சீரகம், பூண்டு, கறி, இவைதான் அடிப்படை. 1977-ல் அந்த மாநிலம் இதைத் தன் அதிகாரப்பூர்வ உணவாகவே அறிவித்தது. டெக்ஸஸ்காரர்கள் இதில் பயறு சேர்ப்பதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மற்ற மாநிலங்களில் ராஜ்மா இல்லாத சில்லியைப் பார்ப்பது அரிது. ஆட்டுக்கறி விற்கிற விலையில் ராஜ்மா சேர்த்த வகைதான் நமக்குக் கட்டுப்படியாகும், வயிறும் நிறையும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 3.5 லிட்டர் கொள்ளளவு, 200 வாட்டுக்குச் சற்று முன்பின், முன்பக்கம் ஆஃப், லோ, ஹை, வார்ம் என்று ஒரே ஒரு திருகுக் குமிழ் வைத்த ஸ்லோ குக்கர். எந்தக் கம்பெனிப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே விஷயம் ஒன்றுதான். வெளியே தகர உறை, அதன் பக்கவாட்டைச் சுற்றி ஹீட்டர் கம்பி, உள்ளே கனமான பீங்கான் பாத்திரம், மேலே கண்ணாடி மூடி. நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்த அளவு போதும். 6 லிட்டர் வாங்கிப் பாதிக்கும் கீழே நிரப்பிச் சமைத்தால் ஓரம் தீயும். பாத்திரத்தில் பாதிக்கு மேலும் முக்காலுக்குக் கீழும் இருந்தால்தான் இந்தச் சாதனம் சொன்னபடி வேலை செய்யும்.

ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். லோ, ஹை என்றால் கேஸ் அடுப்பின் சிம், ஃபுல் போல என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டுமே கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போகின்றன: 95 டிகிரி செல்சியஸை ஒட்டி. ஹையில் மூன்று நான்கு மணி நேரத்தில் அங்கே போய்ச் சேரும், லோவில் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். தளதளவென்று கொதிக்கும் கொதி இதில் வராது. ஓரத்தில் சின்னக் குமிழிகள் எழும், அவ்வளவுதான். இந்தச் சாதனத்தின் நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளம்புகின்றன.

நல்லதைப் பார்ப்போம். ஆட்டின் சப்பை, கழுத்து, முன்னங்கால் போன்ற ஓடியாடி உழைக்கிற பாகங்களில் ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வு 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால் கரைந்து ஜெலட்டினாகி, குழம்புக்கு உதட்டில் ஒட்டுகிற பிசுபிசுப்பைக் கொடுக்கும். ஸ்லோ குக்கர் இந்த வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது. துண்டு உடையாது, நார்நாராகப் போகாது, கரண்டியால் அழுத்தினால் மட்டும் பிரியும். அடிப்பிடிக்குமோ என்று பக்கத்தில் நின்று கிளற வேண்டிய அவசியம் இல்லை, ஏனென்றால் சூடு பக்கவாட்டிலிருந்து வருகிறது.

பிரஷர் குக்கரில் ஐந்தாறு விசிலில் கறி வேகாதா என்றால் வேகும். ஜவ்வும் கரையும். சுவையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது என்று சொன்னால் அது மிகை. வித்தியாசம் பதத்தில்தான். பிரஷர் குக்கரில் கறியும் ராஜ்மாவும் மோதிக் கலங்கிக் குழம்பு மாவாகிவிடும். ஸ்லோ குக்கரில் ராஜ்மா முழுசாகவும் கறி முழுசாகவும் நடுவில் தெளிந்த கெட்டிக் குழம்புமாக நிற்கும். காலை எட்டு மணிக்கு வைத்துவிட்டு மாலை நாலு மணிக்குத் திறக்கலாம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அரை மணியில் சாப்பாடு வேண்டும் என்பவருக்கு இது உதவாது.

கரண்டுச் செலவு பெரிதில்லை. 200 வாட் இடைவிடாமல் 8 மணி நேரம் இழுத்தாலும் 1.6 யூனிட்தான், லோவில் அதைவிடவும் குறையும். வாரம் ஒருமுறை வைத்தால் இரண்டு மாதத்துக்கு 13, 14 யூனிட் ஆகும். கடலூர்க்காரர்கள் முதல் 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ராஜ்மா: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

ஸ்லோ குக்கரின் கதையே பயற்றில்தான் ஆரம்பிக்கிறது. இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர் 1940-ல் இதற்கான காப்புரிமை பெற்றார். அவர் விற்ற பாத்திரத்தின் பெயரே பயறு வேகவைப்பதைக் குறிக்கும் 'பீனரி'. பிறகு ரைவல் கம்பெனி அந்தத் தொழிலை வாங்கி, 1971-ல் கிராக்பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பயறுக்கென்றே பிறந்த பாத்திரம்தான். ஆனாலும் ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே இதில் போட்டு வேகவைக்கக் கூடாது.

காரணம், சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற இயற்கை நச்சு இருக்கிறது. வேகாத ராஜ்மா நாலைந்தே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பிறகு பேதியும் வரும். 100 டிகிரியில் தளதளவென்று கொதித்தால் இந்த நச்சு அழிந்துவிடும். 80 டிகிரி போன்ற அரைச்சூட்டில் கிடந்தால் அழியாது. பச்சையாக இருந்ததைவிட வீரியம் பல மடங்கு ஏறவும் கூடும். ஸ்லோ குக்கர் மணிக்கணக்கில் உலவுவது இந்த அரைச்சூட்டில்தான். வெந்த மாதிரி மென்மையாகத் தெரிந்தாலும் நச்சு போயிருக்காது. இதில் சமரசமே கிடையாது.

செய்ய வேண்டியது எளிது. 200 கிராம் ராஜ்மாவை 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் கல் உப்பு போடலாம். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று சொல்வார்கள். உண்மையில் ஊறும்போது உப்பு இருந்தால் தோல் இளகி, வெந்த பிறகு வெடிக்காமல் நிற்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டி, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் வையுங்கள். மூன்று விசில், பிறகு சிம்மில் ஐந்து நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும். குக்கர் இல்லாவிட்டால் திறந்த பாத்திரத்தில் 30 நிமிடம் நன்றாகக் கொதித்தாக வேண்டும். நச்சுக்கு அது போதும், பதத்துக்குப் போதாது என்பதால் மெத்தென்று ஆகும்வரை மேற்கொண்டும் வேகவிடுங்கள். விரலால் அழுத்தினால் மசிய வேண்டும், தோல் கிழியாமல் இருக்க வேண்டும். அதுதான் பதம்.

பாதி வெந்தால் போதும், மிச்சம் ஸ்லோ குக்கரில் வெந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். தக்காளியின் புளிப்பு பட்ட பிறகு பயறு மேலே இளகாது. எட்டு மணி நேரம் கழித்தும் நடுவில் மாவுபோல் நறநறக்கும். அதே புளிப்பு நன்றாக வெந்த பயறுக்கு நன்மை செய்கிறது. எத்தனை மணி நேரம் கிடந்தாலும் குழையவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆகவே வேகவைப்பது முதலில், தக்காளி பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

எவ்வளவு வேகவைத்தாலும் ராஜ்மா கல் மாதிரியே இருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று தண்ணீர். நம் கடலோரத்தில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். அதில் உள்ள கால்சியம் பயற்றின் தோலை இறுக்கிவிடும். கேன் தண்ணீரில் ஊறவைத்து அதிலேயே வேகவையுங்கள், அல்லது லிட்டருக்குக் கால் டீஸ்பூன் ஆப்பசோடா போடுங்கள். மற்றது பயற்றின் வயது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் இருந்த பயறு, எத்தனை விசில் வைத்தாலும் இளகாத நிலைக்குப் போய்விடும். நம் ஊர்க் காற்று அதற்கென்றே அமைந்தது. கிலோக் கணக்கில் வாங்கி வைக்காமல் அரைக் கிலோவாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சுருக்கம் விழுந்து நிறம் மங்கியது பழைய சரக்கு. புள்ளி போட்ட சித்ரா ராஜ்மா சீக்கிரம் வேகும், கரும்சிவப்பு வகைக்கு ஓரிரு விசில் கூடுதலாகத் தேவைப்படும். தகர டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, வடித்து அலசி நேரே போடலாம். 400 கிராம் டின் இரண்டு, இங்கே சொன்ன அளவுக்குச் சரியாக இருக்கும்.

மிளகாய்த்தூள் என்றால் எது?

அமெரிக்கக் குறிப்புகளில் 'சில்லி பவுடர் 3 டேபிள்ஸ்பூன்' என்று இருக்கும். நம் வீட்டு மிளகாய்த்தூளை அந்த அளவில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அவர்கள் சொல்வது காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஆரிகனோ, பூண்டுத்தூள் எல்லாம் கலந்த மசாலாப் பொடி. நம்முடையது வெறும் மிளகாய். அந்த நிறத்தையும் பழவாசனையையும் இங்கே கொண்டுவர நல்ல வழி, முழு மிளகாயில் விழுது அரைப்பதுதான். காஷ்மீரி அல்லது பேடகி மிளகாய் 10 எடுத்து, காம்பும் விதையும் நீக்கி, வெறும் வாணலியில் அரை நிமிடம் புரட்டி, சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, 6 பல் பூண்டோடு நைசாக அரையுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் போய்க் கறுத்தால் கசக்கும், எட்டு மணி நேரச் சமையல் அந்தக் கசப்பைக் குறைக்காது. உறைப்பு போதாது என்பவர்கள் சாதாரண மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆரிகனோவுக்காகக் கடை தேட வேண்டாம். மழைக்காலத்தில் தொட்டியில் தழைத்து நிற்கும் கற்பூரவள்ளி இலை இரண்டு போதும். ஆரிகனோவின் வாசனைக்குக் காரணமான கார்வக்ரால் இதிலும் இருக்கிறது. பொடியாக நறுக்கிக் கடைசி அரை மணியில் போடுங்கள். இரண்டுக்கு மேல் போனால் கஷாய வாசனை வந்துவிடும்.

சமையல்

மீதிப் பொருள்கள்: எலும்பில்லாத ஆட்டுக்கறி அரைக் கிலோ, சப்பை அல்லது கழுத்துப் பக்கம், ஒன்றரை செ.மீ. துண்டுகளாக. புதுச்சேரியில் மாட்டுக்கறி எடுப்பவர்கள் அதே அளவில் எடுக்கலாம், டெக்ஸஸ் வழக்கம் அதுதான். பெரிய வெங்காயம் கால் கிலோ, தக்காளி 400 கிராம், குடைமிளகாய் ஒன்று, சீரகம் 3 டீஸ்பூன் வறுத்துப் பொடித்தது, மல்லித்தூள் ஒரு டீஸ்பூன், கருப்பட்டி நெல்லிக்காயளவு, எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், உப்பு 2 டீஸ்பூன், சுடுதண்ணீர் 250 மில்லி. குபேர் அங்காடியிலோ திருப்பாப்புலியூர் கடைகளிலோ கிடைக்காத சரக்கு இதில் எதுவும் இல்லை.

கொதி வராத பாத்திரத்தில் பச்சை வாசனை போகாது. எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு மூடிவிட்டுப் போகலாம் என்று விளம்பரத்தில் காட்டுவதை நம்பினால், வெங்காயம் வெந்நீரில் போட்டதுபோல் நாறும், மசாலாத்தூள் தூளாகவே நாக்கில் படும், கறி சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஆகவே அரை மணி நேரம் கேஸ் அடுப்பில் உழைத்தே ஆக வேண்டும். வாங்குவதற்கு முன்னால் இதை யோசியுங்கள். இந்த அரை மணியைத் தர விருப்பமில்லாவிட்டால் ஸ்லோ குக்கர் உங்களுக்கு வேண்டாம்.

வேலையைத் தொடங்கும்போதே பீங்கான் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஹையில் வைத்துவிடுங்கள். நீங்கள் வதக்கி முடிப்பதற்குள் அது சூடாகியிருக்கும். இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் ஊற்றி, ஈரம் துடைத்த கறியை இரண்டு தடவையாகப் பிரித்துப் போட்டு வறுங்கள். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டு வேக ஆரம்பித்துவிடும், சிவக்காது. ஒரு பக்கம் செம்பழுப்பாக மாறும்வரை தொடாதீர்கள். கறியை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறம் தாண்டி வதக்குங்கள். மிளகாய் விழுது, மல்லித்தூள், சீரகப் பொடியில் இரண்டு டீஸ்பூன் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். பிறகு தக்காளி. அது பாதியாகச் சுண்டட்டும். சுடுதண்ணீரை ஊற்றி, வாணலியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கரைத்து, கறியைத் திரும்பப் போட்டு ஒரு கொதி வந்ததும், ஸ்லோ குக்கரில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு இதை மாற்றுங்கள். வெந்த ராஜ்மாவையும் உப்பையும் சேர்த்து மூடுங்கள். ராஜ்மாவும் சூடாக இருக்கட்டும்.

சூடாக மாற்றுவதில் ருசி தவிர இன்னொரு நியாயமும் உண்டு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியோடு லோவில் வைத்தால், அந்த எல்லையைத் தாண்டவே மணிக்கணக்காகும். உறைந்த கறியை ஒருநாளும் நேரே போடாதீர்கள்.

லோவில் 7 முதல் 8 மணி நேரம், அவசரமென்றால் ஹையில் 4 மணி நேரம். கொத்துக்கறி போட்டால் லோவில் 5 மணி போதும். பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறி இதற்கு ஏற்றதில்லை, சக்கையாகிவிடும். கோழிதான் வேண்டுமென்றால் தொடைக்கறி, லோவில் 4 மணி நேரம். சைவத்துக்கு, சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து வறுத்த மீல்மேக்கர் 150 கிராம் போட்டு, நேரத்தை 4 மணியாகக் குறையுங்கள்.

மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆவி முழுக்க வெளியேறி, இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்க 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். குடைமிளகாய், கற்பூரவள்ளி, கருப்பட்டி, மீதமுள்ள ஒரு டீஸ்பூன் சீரகப் பொடி எல்லாவற்றையும் கடைசி அரை மணிக்கு வைத்துக்கொண்டால் ஒரே தடவை திறந்தால் போதும். சீரகத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது ஏன் என்றால், முதலில் போட்டது குழம்பின் உடம்புக்குள் இறங்கிவிடும், எட்டு மணி நேரத்தில் அதன் மேல்வாசனை மங்கிவிடும். கடைசியில் போடுவதுதான் மூக்குக்கு. இறக்கியதும் அரை மூடி எலுமிச்சை பிழிந்து மல்லித்தழை தூவினால் மந்தம் தெளிந்துவிடும்.

புதிதாகச் செய்பவர்களுக்கு அதிகம் நடக்கிற தவறு குழம்பு நீர்த்துப்போவது. மூடியில் ஆவி தண்ணீராகி மறுபடி உள்ளேயே சொட்டுவதால் எதுவும் வற்றாது. அடுப்புக் குறிப்பில் உள்ள தண்ணீரில் பாதிதான் இங்கே தேவை. நீர்த்துவிட்டால், ஒரு கரண்டி ராஜ்மாவை மசித்துக் கலந்து, மூடியைச் சாய்வாக வைத்து, ஹையில் 40 நிமிடம் விடுங்கள். சோள மாவைக் கரைத்து ஊற்றுவதைவிட இது நன்றாக இருக்கும். புளிப்பு தூக்கலாக இருந்தால் நாட்டுத் தக்காளியின் வேலை அது, கருப்பட்டியைச் சற்றுக் கூட்டுங்கள். தயிரையோ தேங்காய்ப்பாலையோ உள்ளே ஊற்றாதீர்கள், திரிந்துவிடும். கெட்டித் தயிரைப் பரிமாறும்போது மேலே ஒரு கரண்டி வைத்தால் போதும்.

கரண்ட் போனால்?

நம் பகுதிக்கு இந்தச் சாதனத்தை வாங்கலாமா என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி இதுதான். சில்லி வேண்டுகிற நாளும் கரண்ட் போகிற நாளும் ஒன்றாகவே வருகின்றன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் மின்சாரம் அற்றுப்போனது. புயல் எச்சரிக்கை வந்த நாளில் இதை வைக்கவே வேண்டாம். அன்றைக்குக் கேஸும் பிரஷர் குக்கரும்தான் துணை.

சாதாரண மழைநாளில் கரண்ட் போனால், நீங்கள் வீட்டில் இருந்தால் உள்ளே இருப்பதைப் பாத்திரத்துக்கு மாற்றிக் கேஸில் வைத்து முடித்துவிடுங்கள். பீங்கானை அடுப்பில் ஏற்றாதீர்கள், பிளந்துவிடும். கறி முழுக்க வெந்த பிறகு போயிருந்தால், மூடியைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் வரை விடலாம். ஆள் இல்லாதபோது எவ்வளவு நேரம் போயிருந்தது என்றே தெரியாவிட்டால், வாசனை எப்படி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். டிஜிட்டல் மாடல்கள் பல, கரண்ட் திரும்பி வந்தாலும் அணைந்தே இருக்கும். திருகுக் குமிழ் மாடல் தானாக மறுபடி சூடேறும். சமையல் தொடர்வதில் திருகு நல்லது, ஆனால் இடையில் கரண்ட் போனதை அது காட்டிக்கொடுக்காது. பேட்டரி இல்லாத, கரண்டில் ஓடுகிற டிஜிட்டல் கடிகாரம் ஒன்றை அதே லைனில் செருகி வைத்தால், நேரம் மாறி மின்னுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் 150 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் 200 வாட்டைச் சில மணி நேரம் தாங்கும், மற்ற விளக்கு, மின்விசிறிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கரண்ட் இருந்தும் வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். 230 வோல்ட்டுக்குப் பதில் 190 வந்தால் ஹீட்டரின் சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 'எட்டு மணி நேரம் ஆகியும் வேகவில்லை' என்ற புகார்களில் இதையும் பார்க்க வேண்டும். வாங்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள். பாத்திரத்தில் பாதிக்குச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி லோவில் 8 மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்த கையோடு சமையல் தெர்மாமீட்டரை விடுங்கள். 85 டிகிரிக்குக் குறைவாகக் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்றால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் செருகாதீர்கள். பிரான்ஸிலிருந்து வருவது 230 வோல்ட்தான், வேலை செய்யும். ஆனால் அதன் இரட்டை உருளை முனை நம் சாக்கெட்டில் தளர்வாக நிற்கும், எர்த் தொடர்பும் கிடைக்காது. உலோக உறை உள்ள சாதனம் என்பதால் எலக்ட்ரீசியனிடம் கொடுத்து எர்த்தோடு மூன்று முனை பிளக் மாற்றிவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட். நேரே செருகினால் மூன்றரை மடங்குக்கு மேல் சக்தியை இழுத்துக் கருகிவிடும். அதற்கு 500 விஏ ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கனமான அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு மல்லாடுவதைவிட இங்கேயே ஒன்று வாங்குவது மேல்.

வேறு எதை வாங்கலாம் என்றும் கேட்கிறார்கள். எலெக்ட்ரிக் பிரஷர் மல்டிகுக்கர்களில் 'ஸ்லோ குக்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதில் ஹீட்டர் அடியில் மட்டுமே இருப்பதால் சூடு வேறு விதமாக ஏறும், கெட்டியான சில்லி அடிப்பிடிக்கவும் செய்யும். ஆனால் வதக்குவது, ராஜ்மாவைப் பிரஷரில் வேகவைப்பது, கறி வேகவைப்பது எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் முடிக்கலாம். சமையலறையில் ஒரே ஒரு சாதனத்துக்குத்தான் இடம் என்றால் அதையே வாங்குங்கள். ஏற்கெனவே நல்ல பிரஷர் குக்கர் இருந்து, மாதம் இரண்டு மூன்று முறையாவது பாயா, நல்லி, சில்லி போன்றவை வைக்கிற வீட்டுக்குத்தான் ஸ்லோ குக்கர். இரண்டு நாள் மோகத்துக்கு வாங்கினால் அது பரணில்தான் இருக்கும். சாதம், பருப்பு, மீன் குழம்பு எதுவும் இதில் சரிவராது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உள்பாத்திரம் மட்டும் தனியாக உதிரியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆன்லைனில் வருவது பெட்டிக்குள்ளேயே விரிசல் விட்டு வருவதுண்டு, பீங்கான் உடைந்தால் மொத்தச் சாதனமும் வீண். நேரு வீதியிலோ லாரன்ஸ் ரோட்டிலோ கடையில் வாங்கினால் பாத்திரத்தை வெளியே எடுத்து, விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. வில்லியனூர்ச் சட்டி வாங்கும்போது தட்டிப் பார்ப்பீர்களே, அதே முறைதான். வீட்டிலும் சூடான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஈரமான கல் மேடையில் வைக்காதீர்கள். ஆறிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவிட்டால் ஸ்பாஞ்சே போதும், கம்பி நார் வேண்டாம்.

சில்லி முதல் நாளைவிட மறுநாள் நன்றாக இருக்கும். மிஞ்சியதைப் பீங்கானோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல், அகலமான எவர்சில்வர் பாத்திரங்களில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மூன்று நாள் வரை இருக்கும். திரும்பச் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தக் கூடாது, அது சூடேறுவதற்குள் கெட்டுவிடும். அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். புதுச்சேரியில் நீளமான பிரெஞ்சு ரொட்டி கிடைக்கும், மேல்தோல் முறுகலாக இருப்பதைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டால் குழம்பை அப்படியே உறிஞ்சும். ரொட்டி இல்லாத நாளில் தோசைக்கல்லைக் காயவைத்து, சற்றுத் தடித்த தோசை ஊற்றி, நடுவில் ஒரு கரண்டி சில்லியைப் பரப்பி, பச்சை வெங்காயம் தூவி மடித்துவிடுங்கள். அதற்குக் குழம்பு நன்றாகச் சுண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோசை நடுவில் ஊறிக் கிழியும்.